அடிமனை அமெரிக்காவிலும் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அமெரிக்கப் பயணத் தொடரில் ஒரு வரி: 'கலிஃபோர்னியாவில் ஏழைகளுக்குக்கூடச் சக்கர வீடு உண்டு, ஊர் பிடிக்காவிட்டால் வீட்டையே வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள், கொடுத்து வைத்தவர்கள்.' அந்தக் கொடுத்து வைத்தவர்களில் நானும் ஒருத்தி. சான் ஹோசேயில் ஒரு மொபைல் ஹோம் பார்க்கில், அதாவது தொழிற்சாலையில் செய்த வீடுகளை வரிசையாக வைத்திருக்கும் குடியிருப்பில், 17 வருடமாக இருக்கிறேன். என் வீடு இதுவரை ஓர் அங்குலம் நகர்ந்ததில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், உங்கள் கட்டுரையாளர் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். விழா ஒன்றுக்காக இந்தப் பக்கம் வந்தவரைத் தெரிந்தவர் ஒருவர் அழைத்து வந்தார். வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் சாப்பிட்டுவிட்டு, "தனி வீடு, நல்ல காத்தோட்டம்மா" என்று பாராட்டினார். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு அடியில், தரைக்குக் கீழே, நீளமான இரும்புச் சட்டம் ஓடுகிறது. அதைத் தாங்கி நிற்பவை ஜாக்குகள். வெளியே அடிப்பலகையைக் கழற்றி டார்ச் அடித்தால் எல்லாம் தெரியும். தொழிற்சாலையில் செய்து இரண்டு பாதியாகக் கொண்டு வந்து இங்கே சேர்த்த வீடு அது. சக்கரங்களை அப்போதே கழற்றிவிட்டார்கள். 1976 ஜூன் 15க்குப் பிறகு மத்திய அரசு விதிப்படி செய்தது என்பதற்கு அடையாளமாகப் பின்சுவரில், பாதிக்கு ஒன்றாக, விரல் நீளத்துக்குச் சிவப்புத் தகடு உண்டு. கறிவேப்பிலைத் தொட்டிகள் அவற்றை மறைத்திருந்தன, அவர் மேல் தப்பில்லை.

வீடு எங்களுடையது, நிலம் பார்க்காரருடையது. மாதம் பிறந்தால் ஸ்பேஸ் வாடகை, அதாவது வீடு நிற்கும் இடத்துக்கு வாடகை. இதைத் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கோயில் நிலத்தில் சொந்த வீடு வைத்துக்கொண்டு நிலத்துக்கு வாடகை கட்டுகிறவர்களின் அடிமனைப் பிரச்சினை பற்றித் தாங்கள் எழுதிய தலையங்கங்களை நான் வெட்டி வைத்திருக்கிறேன். என் தாத்தா ஸ்ரீரங்கத்தில் அடிமனையில் இருந்தவர். அவருக்கு நிலத்துக்காரர் ரங்கநாதர், எனக்கு முகம் தெரியாத ஒரு கம்பெனி. ரங்கநாதரையாவது போய்ச் சேவிக்கலாம்.

சரி, இழுத்துக்கொண்டு எங்கே போவது? வயதான வீட்டை இன்னொரு பார்க்கில் சேர்க்கமாட்டார்கள். சொந்த மனையில் வைக்கலாமே என்றால், 1980இல் இந்த மாநிலம் அதற்கும் சட்டம் போட்டது. நிரந்தர அஸ்திவாரம் போட்டால், தனி வீட்டுத் தெருவில் இந்த வீடுகள் கூடாது என்று எந்த நகரமும் சொல்ல முடியாது. கூரை சுவரைத் தாண்டி இவ்வளவு நீள வேண்டும் என்று நகரம் கேட்கலாம். ஆனால் மற்ற வீடுகளுக்கு அப்படி ஒரு அளவு இல்லாதபோது, 16 அங்குலத்துக்கு மேல் கேட்கக் கூடாது. எவ்வளவு கரிசனம் பாருங்கள். ஆனால் வீடு செய்து பத்து வருடம் தாண்டியிருந்தால் மொத்தமாகவே மறுத்துவிடலாம். அப்புறம், இந்த ஊரில் வெறும் மனை வாங்கப் பணமிருந்தால் நான் ஏன் இங்கே இருக்கிறேன்?

எங்கள் தூக்கத்தைக் கெடுப்பது ஜோனிங், அதாவது எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று நகரம் வகுத்து வைப்பது. சான் ஹோசேயில் 59 பார்க்குகள், பத்தாயிரத்துக்கு மேல் வீடுகள். வாடகையை வருடத்துக்கு 7 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று நகர விதி இருக்கிறது, நல்லதுதான். ஆனால் நிலத்தையே அடுக்குமாடிக்குக் கொடுத்துவிட்டால் எதில் 7 சதவீதம்? நகரத்தின் திட்ட வரைபடத்தில் சில பார்க்குகளின் மேல் அடுக்குமாடிக்கான நிறத்தைத்தான் பூசி வைத்திருந்தார்கள். 2020இல் இரண்டு பார்க்குகளை மட்டும் 'மொபைல் ஹோம் பார்க்' என்றே தனி வகையில் சேர்த்தார்கள். எங்களுடையது அந்த இரண்டில் இல்லை. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு 81 வயது. ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே, "மேப்பில் நம்ம கலர் மாறிச்சா?" என்று அவர் என்னைக் கேட்பதை உங்கள் கட்டுரையாளர் ஒரு நாள் நின்று கேட்டிருக்கலாம். பக்கத்து பாலோ ஆல்டோவில் ப்வேனா விஸ்டா பார்க்கை மூடப்போவதாக 2012இல் சொன்னார்கள். 2017இல் பொதுப் பணத்தில் சுமார் 4 கோடி டாலர் கொடுத்து நிலத்தை வாங்கிய பிறகுதான் அங்கிருந்தவர்கள் மூச்சு விட்டார்கள். ஐந்து வருடம்!

நம்மவர்கள் மட்டும் என்ன வாழ்ந்தது? எங்கள் பார்க்கை இளக்காரமாக டிரெய்லர் பார்க் என்பார்கள். என் மகனுக்குப் பெண் பார்த்தபோது ஜாதகம் பொருந்தியது, டிரெய்லர் பார்க் பொருந்தவில்லை. அந்தச் சம்பந்தக்காரர்கள் வாடகை அப்பார்ட்மென்டில் இருந்தவர்கள். எங்களுக்காவது கூரை சொந்தம். இதையெல்லாம் மூன்று வருடம் முன்பே தங்களுக்கு எழுதினேன். கடிதத்தின் முதல் நான்கு வரி மட்டும் வந்தது, அதுவும் தங்கள் இதழைப் பாராட்டிய வரிகள். இடநெருக்கடி என்று தெரியும். சக்கர வீட்டுக்கு மட்டும் எப்படியோ இடம் கிடைத்துவிடுகிறது.

அடுத்த இதழில் 'மொபைல் ஹோம்கள் நகர்வதில்லை' என்று ஒரு வரித் திருத்தம் போட்டால் போதும். மூலையில் போட்டாலும் சரி. கட்டுரையாளர் மறுபடி இந்தப் பக்கம் வந்தால் சாப்பிட வரட்டும், வத்தக்குழம்பு உண்டு. இன்னொன்று: பணம் கட்டியும் போன வருட தீபாவளி மலர் இன்னும் வந்து சேரவில்லை. முகவரி மாறிவிட்டதோ என்று தங்கள் அலுவலகத்தில் கேட்டார்கள். மாறவில்லை. வீடு அங்கேயேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருத்தி,
சான் ஹோசே, கலிஃபோர்னியா