கமுகம்பாளை கண்ட கண்ணுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வாவிக்கரையில் புதிதாக நிற்கும் வர்ணச் சிற்பத்தைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். "மட்டக்களப்பு மக்கள் அரூபக் கலைக்குப் பழக்கப்படாதவர்கள்" என்றொரு வரி. எழுதியவர் எங்கள் ஊரில் எத்தனை நாள் தங்கினார் என்று கேட்கமாட்டேன், மரியாதைக்கு.

நான் 31 வருடம் சித்திரம் படிப்பித்தவள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு எங்கள் வளவிலிருந்துதான் கமுகம்பாளை, அதாவது பாக்குமரத்துப் பூம்பாளை, போகும். பாளையை நெடுகக் கீறினால் உள்ளே வெளிர்மஞ்சள் கதிர்கள் கொத்தாகச் சரியும், அதைக் கும்பத்தில் வைத்து நிமிர்த்தும்போது இது என்ன உருவம் என்று எவரும் கேட்டதில்லை. அம்மா பன்பாய் இழைப்பா. சிவப்பும் ஊதாவும் சாயம் காய்ச்சி, கொடியா பாம்பா என்று சொல்லமுடியாத ஒன்றைப் பாயின் நடுவில் ஓடவிடுவா. அது கைப்பணி, கண்காட்சியில் மூலை மேசை. பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் வயதுபோய் சக்கர நாற்காலியில் இருந்து வர்ணம் பூசிய கடதாசியை இலை இலையாக வெட்டினால் மட்டும் கலை.

கட்டுரையாளருக்கு "இனம்புரியாத குழாய்களாக" தெரிந்ததை, எங்கள் ஒழுங்கைக்கு மீன் கொண்டுவரும் தம்பி சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டு, "டீச்சர், கண்டல் முளைச்சு நிக்குது" என்றார். சரிதானே, வாவியோரச் சேற்றில் வளரும் கண்டலின் காய் மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு நீளும், அதே பச்சை, அதே கூர்நுனி. செம்மஞ்சள் மட்டும் சிற்பியின் சொந்தச் சரக்கு.

இதில் இன்னொரு கூத்து, வர்ணச் சிற்பம் என்று தலைப்புப் போட்டு படத்தைக் கறுப்பு வெள்ளையில் அச்சடித்திருக்கிறீர்கள். எங்கள் ஊர்ப் படத்துக்கு உங்கள் பத்திரிகையில் வர்ணம் கிடைப்பது வெள்ளம் வந்தால்தான். 2004இல் கடல் வந்தபோது கிடைத்தது. மற்ற நாளெல்லாம் எங்கள் வாவியில் மீன் பாடுதாம் என்ற பழைய கதை, அவ்வளவுதான். 1924இல் திறந்த கல்லடிப் பழைய பாலத்தின் துருவைப் பற்றி நான் எழுதிய ஒன்றரைப் பக்கத்தை நாலு வரியாக்கினீர்கள், அதில் துரு என்ற சொல்லே இல்லை. இந்தச் சிற்பமும் இரும்புதான். வெல்டிங் பிடித்த இடங்களில் இப்போதே மண்ணிறம் கசிகிறது, உப்புக்காற்றுக்குக் கலை விளங்காது பாருங்கள்.

சரி, கேட்பது இதுதான். அதன் தண்டில் கட்டியிருக்கும் ரியூசன் பனரை யாராவது அவிழ்க்கும்படி ஒரு வரி போடுங்கள். படத்தையும் ஒருதரம் வர்ணத்தில் போடுங்கள், சின்னதாகவென்றாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியை,
கல்லடி.