மாமனார் ரைஃபிளுக்கு ஸ்லிங் மாட்டுவது பற்றி

அல்சூர், பெங்களூரு
ஞாயிறு காலை

அன்புள்ள மகாலிங்கம்,

உன் கடிதமும் மூன்று படங்களும் கிடைத்தன. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருப்பதாக எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் வேலை மாறி ஒயிட்ஃபீல்டுக்குப் போய்வருகிறாள். வீடு திரும்ப ராத்திரி ஒன்பதாகிறது. மழை விட்டபாடில்லை. வேறு சேதி இல்லை, மாமனார் ரைஃபிளுக்கு ஸ்லிங், அதாவது தோளில் தொங்கவிடும் வார், மாட்டும் விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில், அதைத் தூக்கிக்கொண்டு பெங்களூருக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வேலை வேண்டாம். உன் லைசென்ஸில் ஏரியா என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பார். தமிழ்நாடு மட்டும் என்றால் ஓசூரைத் தாண்டினாலே வம்பு. ரைஃபிள் கோத்தகிரியிலேயே இருக்கட்டும், அளவுகள் மட்டும் இங்கே வரட்டும். இந்த வேலைக்கு அதுவே போதும்.

கடையில் போய் ‘மவுசருக்கு ஸ்விவல் கொடுங்கள்’ என்று, அதாவது ஸ்லிங்கை ரைஃபிளோடு கோக்கும் வளையம் வேண்டுமென்று, கேட்டதாக எழுதியிருந்தாய். அங்கேதான் தப்பு. மவுசர் 98 என்பது குண்டை ஏற்றிப் பூட்டிச் சுடும் பொறியான ஆக்‌ஷனின் பெயர். கட்டையை யார் செதுக்கினார்கள், ஸ்லிங் மாட்டும் கண்ணை எந்த ஊர்ப் பட்டறை வைத்தது என்பதையெல்லாம் அந்தப் பெயர் சொல்லாது. ஒரே ஆக்‌ஷனை வாங்கி லண்டன்காரன் ஒரு மாதிரி பொருத்துவான், ஜெர்மன்காரன் குழலிலேயே அசையாத வளையமாகப் பற்றவைப்பான், அமெரிக்கன் கட்டையில் ஸ்டட், அதாவது துளையுள்ள குமிழாணி, வைப்பான். அப்புறம் எழுபது எண்பது வருஷத்தில் உள்ளூர் ஆசாரி ஒருவர் கைவைத்திருப்பார். உன் படத்தில் பின்பக்கத் துளைக்குள் தீக்குச்சி திணித்திருப்பது தெரிகிறது; அது அவர் உபயம்.

முன்பக்கம் நன்றாகவே இருக்கிறது. கட்டையின் மூக்குக்கு முன்னால் குழலைச் சுற்றி ஒரு பட்டை, அதன் அடியில் சின்னக் கண். இது பழைய பிரிட்டிஷ் வேட்டை ரைஃபிள்களின் பாணி. குழல்துளை பெரிதான ரைஃபிள் உதைக்கும்போது கட்டையில் இருக்கும் ஸ்டட் இடது கையைக் கிழித்துவிடும், அதனால்தான் கண்ணைக் கைக்கு எட்டாத தூரத்துக்குத் தள்ளினார்கள். உன்னுடைய .275 ரக ரைஃபிள், அதாவது 7×57 தோட்டா போடுவது, அவ்வளவு உதைக்காது. ஆனால் இன்னொரு லாபம் உண்டு: கண் முன்னே தள்ளி இருப்பதால் தோளில் தொங்கும்போது குழல்வாய் தாழ்ந்து நிற்கும், தேயிலைக்காட்டு நிழல்மரக் கிளையில் மாட்டாது.

‘ஸ்விவல் உள்ளே போகவில்லை’ என்று நீ எழுதியதற்கு மூன்று காரணம் இருக்கலாம். எது என்று தெரியாமல் அடுத்த ஸ்விவலை வாங்காதே.

ஒன்று, துளை. கழற்றி மாட்டும் அமெரிக்க மாதிரி ஸ்விவலில் ஒரு ஊசி இருக்கிறதே, அது கண்ணின் துளையில் நுழையவேண்டும். வெர்னியர் அளவுகோலின் நுனி அவ்வளவு சின்னத் துளையில் சரியாக உட்காராது. டிரில் பிட்டை எடுத்து, வெட்டும் நுனியை விட்டுவிட்டு வழுவழுப்பான பின்பக்கத்தை நுழைத்துப் பார். 3, 3.2, 3.5, 4 என்று வரிசையாக. எது லேசாக நுழைந்து ஆடாமல் நிற்கிறதோ அதுதான் துளை. பிட்டின் பின்பக்கத்தை வெர்னியரில் வைத்து உறுதி செய்துகொள், எழுதியிருக்கும் எண்ணை நம்பாதே.

இரண்டு, கண்ணின் தடிமன். ஸ்விவலின் இரண்டு கைகளும் அதை இருபுறமும் அணைத்து உட்காரவேண்டும். கண் தடித்திருந்தால் கைகள் விரியும், ஊசி எதிர்ப்பக்கம் முழுசாகப் போய்ச் சேராது. மாட்டினாற்போல் இருக்கும், நடக்கும்போது கழன்றுவிடும். மூன்றும் சேர்ந்ததில் ஆபத்தானது இதுதான்.

மூன்று, துளையின் விளிம்பிலிருந்து கண்ணின் உச்சி வரை உள்ள உயரம். இதை யாரும் அளப்பதில்லை. உச்சி அதிகமாக இருந்தால் ஸ்விவலின் அடிப்பகுதி அதில் முட்டும், ஊசி துளைக்கு நேராகவே வராது. பார்ப்பவன் ‘துளை சின்னது’ என்று நினைத்து டிரில்லை எடுப்பான். துளையைப் பெரிதாக்கினால் சுற்றியிருக்கும் சுவர்தான் மெலியும், முட்டுவது முட்டிக்கொண்டேதான் இருக்கும். அப்படி வந்தால் ரைஃபிளை விட்டுவிடு, ஸ்விவலின் உள்பக்கத்தை ஊசி அரத்தால் ராவு.

பட்டை ஈயப்பற்றில் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவை. இணைப்பு ஓரத்தில் மெல்லிய எண்ணெய் தடவி, துடைத்துவிட்டு, பட்டையைக் கையால் அழுத்தித் திருகிப் பார். ஓரத்தில் எண்ணெய் மறுபடி கசிந்தால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது. அப்போது எந்த வெல்டிங் கடைக்கும் போகாதே. ஈயப்பற்று 200 டிகிரிக்குச் சற்று முன்பின்னாக உருகும். பித்தளைப் பற்றுக்கு அதைப்போல நாலு மடங்கு சூடு வேண்டும், குழல் எஃகின் பதமே போய்விடும். குழலின் கருநீலப் பூச்சைப் புதுசாகப் போட்டுத் தருகிறேன் என்பவனிடமும் எச்சரிக்கை. கொதிக்கும் கார உப்புத் தொட்டியில் முக்கினால் அந்தக் காரம் ஈயத்தை அரித்துவிடும், பட்டை கையோடு வந்துவிடும். துப்பாக்கியை ரிப்பேர் செய்யவும் 1959ஆம் வருஷ ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி லைசென்ஸ் வேண்டும் என்பதால், குழலைத் தொடும் எந்த வேலையும் லைசென்ஸ் உள்ள ஆள் கையில்தான் நடக்கவேண்டும்.

‘பட்டையை விட்டுவிட்டு முன்கட்டையிலேயே ஸ்டட் வைத்துவிடலாமா?’ என்று கேட்டிருந்தாய். வைக்கலாம், ஆனால் எனக்கு மனசில்லை. மவுசர் முன்கட்டை மெலிசு, மர ஸ்க்ரூவுக்குப் பிடி போதாது. அதனால்தான் செட்டாக விற்பதில் ஒரு ஸ்டட்டில் மர ஸ்க்ரூ, இன்னொன்றில் நட்டு போடும் மரை என்று இருக்கும். மரை போட்டதுதான் முன்னால். குழல் உட்காரும் பள்ளத்தில் நட்டுக்குக் குழி வெட்டி, நட்டும் ஸ்க்ரூ நுனியும் மர மட்டத்துக்குக் கீழே போகும்படி ராவவேண்டும். நுனி குழலைத் தொட்டால் குறி மாறும், அப்புறம் ஸ்கோப்பைத் திட்டிக்கொண்டிருப்பாய்.

இந்த நட்டில் ஒரு வேடிக்கை. அமெரிக்க ஸ்டட்டின் மரை 10-32. அதாவது 4.83 மி.மீ. விட்டம், அங்குலத்துக்கு 32 சுற்று. நம் கடைகளில் கிடைப்பது எம்5: விட்டம் 5 மி.மீ., சுற்றுக்குச் சுற்று 0.8 மி.மீ. அங்குலத்தை 32ஆல் வகுத்தால் 0.794 மி.மீ. பார், எவ்வளவு நெருக்கம்! எம்5 நட்டு 10-32 ஸ்க்ரூவில் சுகமாக ஏறிவிடும், கடைக்காரரும் ‘சரியா இருக்கு சார்’ என்பார். ஆனால் மரைகள் நுனியளவுதான் கவ்வும், இறுக்கும்போது வழுக்கிவிடும். பழைய பிரிட்டிஷ் சாமானாக இருந்தால் 2 பிஏ (பிரிட்டிஷ் அசோசியேஷன்) மரையும் வரலாம். அது 4.7 மி.மீ., சுற்று இடைவெளி 0.81, மரையின் கோணமோ 47½ டிகிரி. மற்ற இரண்டும் 60. மூன்றும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான். ஏற்றிப் பார்க்கும்போது கொஞ்சம் ஆடினால் அது உன் நட்டு இல்லை.

இனி பின்பக்கம், அதாவது நீ செய்யவேண்டிய வேலை. இது வெறும் மரவேலைதான் என்றாலும் உன் ஊர் ரிப்பேர்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். குண்டை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டைக் கழற்றி வேறு அறையில் வைத்துவிட்டுத்தான் கட்டையில் கைவைக்க வேண்டும்.

தீக்குச்சியையெல்லாம் சுரண்டி எடு. பழைய துளையைச் சுத்தமான வட்டமாக்கி, அதே அளவு வால்நட் அல்லது தேக்குத் துண்டை அடைத்து அரால்டைட் வை. ஐந்து நிமிஷ ரகம் வேண்டாம், ஒரு நாள் காயும் ரகம். கடையில் விற்கும் குச்சியை வெட்டி அடைத்தால் நார் துளையின் நீளவாக்கில் ஓடும், ஸ்க்ரூ நார்களைக் கவ்வாமல் பிளந்துகொண்டு இறங்கும். துண்டை நார் குறுக்கே வரும்படி வெட்டினால் பிடி இன்னும் உறுதியாக இருக்கும்.

பழைய துளை, தோளில் பதியும் பின்கட்டையின் கீழ்முனையிலிருந்து 65, 70 மி.மீ. தள்ளி இருந்தால் அதே இடத்தில் வை. அதைவிட முனைக்கு நெருங்கி இருந்தால் அடைத்ததோடு விட்டுவிட்டு மேலே தள்ளிப் புதுசாகப் போடு, முனையில் மரம் சில்லுச்சில்லாகப் பெயரும். மாஸ்க்கிங் டேப் ஒட்டி, இரண்டு விளிம்பிலிருந்தும் காம்பஸால் கோடு கீறி நடுவைக் கண்டுபிடி. கண்மதிப்பில் குத்தினால் ஒரு மி.மீ. நகர்ந்ததுகூட மேலிருந்து பார்க்கும்போது கோணலாகத் தெரியும்.

துளையின் அளவுக்கு ஸ்க்ரூவின் மரை நடுவிலிருக்கும் தண்டை அள, மரையின் வெளிவிட்டத்தை அல்ல. வால்நட் கெட்டி மரம், தண்டைவிட ஒரு நூல் சின்னதாகப் போட்டாலும் பிளக்கும். ஸ்டட்டின் கழுத்து உட்கார மேலே கொஞ்சம் அகலமாகக் குடைந்து, துளையின் வாயைச் சரிவாக்கிவிடு. இல்லாவிட்டால் முதல் சுற்றிலேயே வாயோரம் மரம் தூக்கிக்கொள்ளும். மரையில் மெழுகு அல்லது குளிக்கிற சோப்பைத் தேய். ஸ்டட்டின் துளையில் ஒரு டிரில் பிட்டின் பின்பக்கத்தை விட்டுப் பிடிபோலத் திருகு.

கடைசிச் சுற்றில் கவனம். ஸ்டட்டின் துளை கட்டைக்குக் குறுக்கே நிற்கவேண்டும், அப்போதுதான் வளையம் முன்னும் பின்னும் ஆடும். கால் சுற்று மிஞ்சிவிட்டது என்று பின்னால் திருப்பினாயானால் பிடி தளர்ந்துவிடும். கழற்றி, அடியில் மெல்லிய வாஷர் போடு, அல்லது கழுத்தின் அடியை ஒரு பொட்டு ராவு.

அகலத்துக்கு வருவோம். நீ வாங்கி வைத்திருக்கும் தோல் பெல்ட் 1¼ அங்குலம், அதாவது 32 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. படத்தில் இருக்கும் ஸ்விவலின் வளையம் 1 அங்குலம் போலத் தெரிகிறது. பெல்ட் உள்ளே போகும், ஆனால் ஓரங்கள் சுருண்டு, கொஞ்ச நாளில் அந்த மடிப்பிலேயே தோல் விரியும். வளையத்தின் இடைவெளியையும் பார்: தோலை மடித்துத் தைத்தால் இரண்டு தடிமன் நுழையவேண்டும். 3 மி.மீ. தோலானால் தையலோடு 7 மி.மீ.யாவது வேண்டும்.

புதிதாக வரும் அமுக்குப் பொத்தான் ரகத்தை நினைக்கவே நினைக்காதே. அது உட்காரக் குப்பி போல ஒரு குழி குடையவேண்டும், அந்தக் கட்டைக்கு அது பாவம்.

ஸ்விவல் கைக்கு வந்ததும் காந்தம் வைத்துப் பார். ஒட்டாவிட்டால் பெரும்பாலும் துத்தநாக வார்ப்பு, ஒரு நாள் சொல்லாமல் முறியும். ஒட்டினாலும் கூரை உத்தரத்தில் ஒரு எஸ் கொக்கியில் ஸ்விவலை மாட்டி, 10 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டு ஐந்தாறு முறை வெடுக்கென்று இழுத்துப் பார். ரைஃபிள் ஸ்கோப்போடு 4 கிலோதான் என்றாலும் இறக்கத்தில் குதித்து நடக்கும்போது அந்த வெடுக்குதான் ஊசியை உருவும். பூட்டுத் திருகு உள்ள ரகமாக இருந்தால் நல்லது.

மாட்டியபின் சுடும் மைதானத்தில் ஒன்றைக் கவனி. ஸ்லிங்கைக் கையில் சுற்றி இறுக்கிச் சுட்டால் உன் ரைஃபிளில் அந்த இழுப்பு நேரே குழலில் விழும், குண்டு விழும் இடம் நகரும். தோளில் மாட்டிக்கொள்ள மட்டும் வைத்துக்கொள், சுடும்போது தளர்வாக விடு. அலமாரியில் வைக்கும்போது பெல்ட்டைக் கழற்றித் தனியே தொங்கவிடு. கோத்தகிரி மூடுபனியில் தோல் ஈரத்தை உறிஞ்சி, படுத்திருக்கும் இடத்திலெல்லாம் குழலில் துரு வரி போட்டுவிடும்.

இப்போது நீ அனுப்பவேண்டியது: முன்கண்ணின் துளை, தடிமன், உச்சி உயரம், பின்துளையின் விட்டம், ஆழம், முனையிலிருந்து தூரம், வைத்திருக்கும் ஸ்விவலின் ஊசி விட்டமும் இரண்டு கைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியும். எல்லாம் மி.மீ.யில், ஒவ்வொன்றும் இரண்டு தடவை அளந்து. வர வெள்ளிக்கிழமை சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கி எஸ்.பி. ரோடு பக்கம் போகிறேன். டிரில் பிட்டும் மரை அளக்கும் சீப்பும் வாங்கவேண்டியிருக்கிறது. அதற்குள் வந்தால் நட்டு, வாஷர், ஊசிக்கான கம்பி எல்லாம் சேர்த்து கூரியரில் போட்டுவிடுகிறேன். ஸ்விவல் மட்டும் துப்பாக்கிக் கடையில் பார்த்துச் சொல்கிறேன்.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேகர்

பி.கு.: படத்தில் வெர்னியரை அங்குலப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறாய். பூஜ்யம் சரியாக நிற்கிறதா என்று முதலில் மூடிப் பார்த்துவிட்டு அள.