நீலகிரி மாவட்டத் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்: நாயைப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர்களுக்கு,

வணக்கம். கால்நடைத் துறையில் ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கோத்தகிரிப் பக்கம் வசிக்கிறேன். உங்களிடம் கேட்க ஒன்றே ஒன்று இருக்கிறது. ஒரு நாய் பயந்திருக்கிறதா, எரிச்சலில் இருக்கிறதா, நிம்மதியாக இருக்கிறதா என்று அதன் உடலைப் பார்த்தே அறிந்துகொள்ள உங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள்.

"நாய்கிட்டே போகாதே, கடித்துவிடும்" என்று சொல்லித்தான் எல்லா வீட்டிலும் வளர்க்கிறோம். அந்தப் புத்திமதியால் இந்த மலையில் பெரிய பயனில்லை. நாயைக் கடக்காமல் இங்கே எந்தப் பிள்ளையும் பள்ளிக்கு வந்து சேர முடியாது. எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன் வாசலில் நாய் படுத்திருக்கிறது. படகர் ஊரான ஹட்டியில் வீட்டுக்கு வீடு திண்ணையோரம் நாய் இருக்கிறது. கேரட் தோட்டத்தில் பன்றியை விரட்டக் கட்டிப்போட்ட நாய் குரைக்கிறது. தேயிலைக்குள் போகும் ஒற்றையடிப் பாதையில் பிள்ளைகளோடு நாயும் நடந்து வருகிறது. பள்ளிக்குள்ளும் அதே கதைதான். காலை உணவும் சத்துணவும் முடிந்து தட்டு கழுவும் இடத்தில் எத்தனை நாய்கள் காத்து நிற்கின்றன என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிறுத்தை நாயைத் தூக்கிப்போகும் ஊர்களில், இருட்டிலும் பனிமூட்டத்திலும் நாய் எந்நேரமும் மிரண்டே இருக்கும். சமவெளி நாயைவிடச் சட்டென்று திடுக்கிடும்.

பணியில் இருந்த காலத்தில் நாய்க்கடி பற்றி விசாரிக்கப் போனால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "சும்மா இருந்த நாய், திடீரென்று கடித்துவிட்டது." வெறிநோய் கண்ட நாயையும் உடம்பில் தாங்க முடியாத வலி உள்ள நாயையும் தள்ளிவைத்துப் பார்த்தால், திடீரென்று கடிக்கும் நாய் மிகக் குறைவு. மற்றவையெல்லாம் கடிப்பதற்கு முன்பே, சில சமயம் பல நிமிடங்களுக்கு முன்பே, வேண்டாம் என்று சொல்லிவிடுகின்றன.

அண்மையில் ஒரு பஸ் நிறுத்தத்தில் கண்டதைச் சொல்கிறேன். இரண்டாம் வகுப்பு படிக்கும் வயதுள்ள ஒரு சிறுமி, கையில் பன், பக்கத்தில் செவலை நிறத்தில் ஒரு நாய். பன்னில் பாதியைப் போட்டாள், நாய் தின்றது. பிறகு ஆசையோடு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அதுவரை வாயை லேசாகத் திறந்து நாக்கைத் தொங்கவிட்டிருந்த நாய் உடனே வாயை மூடிக்கொண்டது. முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பியது. தின்ன ஒன்றுமில்லாதபோதும் நாக்கு வெளியே வந்து மூக்கைத் தொட்டுவிட்டுப் போனது. அடுத்து ஒரு கொட்டாவி. அதைப் பார்த்து நிழற்குடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "பன் தின்றதும் தூக்கம் வந்துவிட்டது" என்றார் ஒருவர். அதற்குள் நாயின் காதுகள் பின்னால் ஒட்டிக்கொண்டன, ஒரு முன்னங்கால் தரையை விட்டு எழுந்தது. தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் அவள் பக்கம் உருட்டியபோது ஓரத்தில் வெள்ளை பிறைபோலத் தெரிந்தது. பிறகு உடம்பு முழுவதும் அசையாமல் விறைத்துப்போனது.

எல்லாவற்றிலும் கவனிக்க வேண்டியது அந்த விறைப்புதான். அடுத்து வருவது உறுமல். அதையும் யாரும் கேட்கவில்லை என்றால் பல். நல்லவேளையாக பஸ் வந்தது, தாய் மகளை இழுத்துக்கொண்டு ஏறினார். நாய் நனையாமலே, நனைந்த நாய் உதறுவதைப்போல உடம்பை ஒரு முறை உதறிவிட்டு நடந்தது. அந்த உதறலும் ஒரு செய்திதான். இறுக்கம் விலகியது என்று அதற்குப் பொருள். அங்கே இருந்த பெரியவர்களில் ஒருவருக்கும் இந்த அடையாளங்கள் தெரியவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

வால் ஆட்டினால் நாய் சிநேகமாக இருக்கிறது என்று நம்புகிறோம். இடுப்பும் சேர்ந்து குழைய, தளர்வாக ஆடும் வால் சிநேகம்தான். கம்பிபோல நிமிர்ந்து, நுனி மட்டும் வேகமாக அதிரும் வால் சிநேகம் அன்று, விலகிப் போவதே நல்லது. கால்களுக்கு நடுவே மடங்கிய வால் பயம். பழக்கமானவரைக் கண்டால் நாயின் வால் வலப்பக்கம் கூடுதலாகவும், தன்னை மிரட்டும் அந்நிய நாயைக் கண்டால் இடப்பக்கம் கூடுதலாகவும் ஆடுவதை 2007-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பிள்ளைகளுக்கு அவ்வளவு நுணுக்கம் வேண்டாம். வாலை மட்டும் பார்க்காமல் முழு நாயையும் பார் என்று சொன்னால் போதும். அதோடு, பல்லைக் காட்டும் நாயைச் சிரிக்கும் நாய் என்று சிறு பிள்ளைகள் நினைத்துவிடுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைப் படம் வரைந்தே விளக்க வேண்டும்.

உறுமும் நாயை அடிக்கும் வழக்கத்தை ஊர் விட்டொழிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம். உறுமினால் அடி விழும் என்று கற்றுக்கொண்ட நாய் உறுமுவதை நிறுத்திவிடும், ஆனால் அதன் பயம் குறைந்திருக்காது. அடுத்த முறை எச்சரிக்கை எதுவும் இல்லாமல் நேராகக் கடிக்கும். அப்படிப்பட்ட நாயை உருவாக்கியவர்கள் நாம். உறுமல் கேட்டால் நின்ற இடத்திலிருந்து மெல்லப் பின்வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

தின்னும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய், கட்டிப்போட்ட நாய் ஆகியவற்றை எந்தப் பிள்ளையும் தொடக்கூடாது. கட்டிப்போட்ட நாய்க்கு விலகி ஓட வழியில்லை, அதனால் அது சீக்கிரமே பல்லுக்கு வந்துவிடும். மழைக்காலத்தில் விறகுக் கொட்டகைகளிலும் பாலத்தடிக் குழாய்களிலும் குட்டிகள் கத்தும். எடுத்துப் பார்க்கப் பிள்ளைகள் கை பரபரக்கும். தாய் நாய் எங்கோ பக்கத்தில்தான் இருக்கும். தட்டு கழுவும் இடத்து மிச்சத்தை மூடிய வாளியில் போட்டு வைக்கச் சத்துணவுப் பணியாளர்களிடம் சொல்லுங்கள். சோற்றின் மேல் தலையைத் தாழ்த்தி அசையாமல் நிற்கும் நாயின் அருகே பிள்ளை ஓடுவதைப்போல ஆபத்து வேறில்லை.

நாய் ஓடி வந்தால் பிள்ளை ஓடக்கூடாது, கத்தக்கூடாது. கைகளைக் கட்டிக்கொண்டு, நாயின் கண்ணைப் பார்க்காமல் தரையைப் பார்த்து, மரமாக நிற்க வேண்டும். கீழே விழுந்துவிட்டால் சுருண்டு படுத்து, காதையும் கழுத்தையும் கைகளால் மூடிக்கொள்ள வேண்டும். இதை விளையாட்டாகவே நடத்தலாம். "நாய்" என்று நீங்கள் குரல் கொடுத்ததும் மைதானம் முழுக்கப் பிள்ளைகள் மரமாகிவிட வேண்டும்.

கடி பட்டால் என்ன செய்வது என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. திட்டு விழும் என்று பிள்ளைகள் மறைத்துவிடுகிறார்கள். குட்டி நாய் கீறியதுதானே என்று விட்டுவிடுகிறார்கள். ஆகவே, நாய் கடித்தாலும் கீறினாலும் சொல்லிவிடு, யாரும் திட்டமாட்டோம் என்று நீங்கள் உங்கள் வாயால் உறுதி சொல்ல வேண்டும். காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்கக்கூடாது. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும், எல்லா ஊசியையும் தவறாமல் போட்டு முடிக்க வேண்டும். உயரம் குறைந்த பிள்ளைகளுக்குத் தலையிலும் முகத்திலும் கடி விழுவது அதிகம். மூளைக்குக் கிட்டத்தில் விழும் கடியில் நோய் விரைந்து முற்றும். அறிகுறி தோன்றிவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக நடக்காத காரியம். வெறிநாய்க்கடிக்கு ஆளாகிறவர்களில் 5 முதல் 14 வயதுக்குட்பட்டோர் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் பள்ளிகளில் படிப்பவர்களில் பெரும்பாலோர் அந்த வயதினர்தான்.

வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி கண்ட பாஸ்டியரின் பெயரில் 1907-இல் தொடங்கிய நிறுவனம் நம் குன்னூரில், சிம்ஸ் பூங்காவுக்கு அருகில் இருக்கிறது. அவர் மறைந்த செப்டம்பர் 28 தான் உலக வெறிநோய் தினமும். அன்றைக்கு ஒரு நாள் பேசி முடித்துவிடாதீர்கள். வாரத்தில் ஒரு நாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் பேசுங்கள். தேயிலை பறிக்கப் போகும் தாய்மார்கள் அந்தக் கூட்டத்துக்கு வருகிறார்கள், கேட்டதை அன்று மாலையே லயனில் சொல்லிவிடுவார்கள்.

விளக்கிக் காட்டுவதற்காக உயிருள்ள நாயைப் பள்ளிக்குக் கொண்டுவர வேண்டாம். பிள்ளைகள் கூட்டத்துக்கு நடுவே நிற்கும் நாய் நிம்மதியாக இருக்காது. கரும்பலகையில் காதும் வாலும் வரைந்தாலே போதும். தெருநாயிடம் போய் இவற்றைச் சோதித்துப் பார்க்கச் சொல்லாதீர்கள், தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

நாயின் காது, கண், வாய், வால், நிற்கும் விதம் எல்லாம் தெரியும்படி சில படங்கள் வரைந்து வைத்திருக்கிறேன். கோத்தகிரி, குன்னூர், உதகை, கூடலூர் என்று எந்தப் பக்கத்துப் பள்ளி அழைத்தாலும் அவற்றை எடுத்துக்கொண்டு வருகிறேன். பஸ் கட்டணம்கூட வேண்டாம். மழை நின்று பள்ளி ஒழுங்காக நடக்கும் ஒரு நாளைக் குறித்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர் ஒருவர்,
கோத்தகிரி