சொன்ன நேரத்துக்குப் போய் நில்

அன்புள்ள மகளுக்கு,

விபத்திலோ குற்றத்திலோ ஆளை இழந்த குடும்பத்துக்கும் போலீசுக்கும் இடையில் நிற்கும் குடும்பத் தொடர்பு அதிகாரிக்கான பயிற்சியை முடித்துவிட்டாய் என்றதும் மனம் நிறைந்தது. கூடவே கொஞ்சம் கவலையும் வந்தது. நானும் அந்த வேலையில் இருந்தவள்தானே. சட்டமும் நடைமுறையும் உனக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். ஆள் என்ன ஆனார் என்று தெரியாமல் தவிக்கும் வீட்டில் போய் உட்கார்ந்த பிறகு என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அந்த வீட்டாருக்கு முதலில் வேண்டியது தகவல். ஆறுதல் அப்புறம்தான். தெரிந்ததைச் சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல், அடுத்து எப்போது வருவாய் என்பதையும் சொல்லிவிட்டுக் கிளம்பு. நாலு மணிக்கு வருகிறேன் என்றால் நாலு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். புதிதாக எதுவும் இல்லையென்றால், இல்லை என்று சொல்வதற்காகவே போ. நீ வராத நேரத்தில் அவர்கள் மனம் எங்கெங்கோ போய்விடும். மனசு தாங்காமல் "கண்டிப்பாகக் கிடைத்துவிடுவார்" என்று மட்டும் சொல்லிவிடாதே. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒரு குடும்பமே இரவெல்லாம் உட்கார்ந்திருக்கும்.

பலர் இறந்த பெரிய விபத்து என்றால், உடல்கள் கிடைத்த பிறகும் யார் யார் என்று அடையாளம் உறுதியாக நாளாகும். "நாங்கள் பார்த்தால் தெரியாதா, ஏன் காட்ட மாட்டேன் என்கிறீர்கள்?" என்று கோபப்படுவார்கள். நியாயமான கோபம்தான். தீயும் தண்ணீரும் முகத்தை மாற்றிவிடும், அழுதுகொண்டே பார்க்கும் கண் தவறாகவும் தலையாட்டிவிடும் என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொல். சர்வதேசப் போலீஸ் அமைப்பான இன்டர்போலின் வழிகாட்டுதலில் கைரேகை, பல், டிஎன்ஏ இந்த மூன்றும்தான் முதன்மைச் சான்றுகள். நகை, உடை, பச்சை குத்தியது எல்லாம் துணைக்குத்தான். 2004 சுனாமிக்குப் பிறகு தாய்லாந்தில் இறந்தவர்களை அடையாளம் காணப் பல் மருத்துவர்களிடம் இருந்த பதிவுகள் பெரிதும் கைகொடுத்தன.

காணாமல் போனவரின் அடையாளங்களைக் குறிக்கும் மஞ்சள் படிவத்தை நீதான் அவர்களோடு உட்கார்ந்து நிரப்ப வேண்டியிருக்கும். தழும்பு எங்கே, எந்தப் பல்லை அடைத்திருந்தார்கள், மோதிரம் எந்த விரலில் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். ஏன் கேட்கிறாய் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதி பாரம் குறையும். ஒரு வீட்டில் டிஎன்ஏ சோதனைக்காகப் பல் துலக்கும் பிரஷைக் கேட்டேன். அந்தத் தாய் அதை எடுத்து வந்து, ஈரம் போகத் துடைக்கப் போனார். துடைக்க வேண்டாம், அப்படியே கொடுங்கள் என்றேன். எப்போது திருப்பித் தருவீர்கள் என்று கேட்டார். சோதனைக்குப் போன பொருள் திரும்பி வருமா வராதா என்பதை நீ கேட்டு வைத்துக்கொண்டு போ. அந்தக் கேள்வி எல்லா வீட்டிலும் வரும்.

சொல்லாமல் மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மார்ஷனெஸ் படகு விபத்து இருக்கிறது. 1989இல் லண்டன் தேம்ஸ் நதியில் 51 பேர் இறந்தார்கள். கைரேகை எடுப்பதற்காக அவர்களில் 25 பேரின் கைகளை வெட்டி எடுத்தார்கள். குடும்பங்களுக்கு அது பின்னால்தான் தெரிய வந்தது. நீதிபதி கிளார்க் 2001இல் கொடுத்த அறிக்கையில், குடும்பத்துக்கு ஒவ்வொரு கட்டத்திலும் நேர்மையான, சரியான தகவல் தர வேண்டும் என்று எழுதினார். அந்த அறிக்கையைத் தேடிப் படி.

இன்னொன்று. குற்ற வழக்காக இருந்தால் நீ விசாரணைக் குழுவிலும் ஓர் ஆள். அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்வாய் என்பதை முதல் நாளே சொல்லிவிடு. 1993இல் லண்டனில் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் கொலையானபோது அந்தக் குடும்பத்தைப் போலீஸ் நடத்திய விதத்தை நீதிபதி மக்பெர்சன் நடத்திய விசாரணையின் அறிக்கை 1999இல் கடுமையாகக் கண்டித்தது. பிரிட்டனில் இந்த வேலைக்குத் தனிப் பயிற்சி வலுப்பட்டது அதற்குப் பிறகுதான்.

மரணச் செய்தியை நேரில் போய், சுற்றிவளைக்காமல் சொல். சொன்ன பிறகு உடனே எழுந்து வந்துவிடாதே. அவர்கள் அழட்டும், உன்னைத் திட்டினாலும் திட்டட்டும். அந்த நேரத்தில் நீ பேச வேண்டிய அவசியமே இல்லை.

உன் பொறுப்பு ஒருநாள் முடியும். முடியப்போகிறது என்று முன்பே சொல், அடுத்து யாரிடம் கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடு, பிறகு விலகு. உன் சொந்த எண்ணைக் கொடுத்துவிட்டு வராதே. இது கல்நெஞ்சாகத் தோன்றும். ஆனால் நீ எடுக்க முடியாத ஒரு போன் அழைப்பு அவர்களை இன்னும் நோகடிக்கும்.

ஒரு குடும்பத்தை விட்டு வந்த கையோடு அடுத்ததை ஏற்காதே. மேலதிகாரி ஓய்வு எடு என்றால் எடு, ஆலோசகரைப் பார் என்றால் பார். எனக்கும் போன் பண்ணு. வழக்கைப் பற்றி என்னிடம் சொல்லக் கூடாது, நானும் கேட்க மாட்டேன். தூங்கினாயா என்று மட்டும் கேட்பேன், அதற்கு உண்மையைச் சொல்.

அன்புடன்,
அம்மா