துரின் நீதிமன்றம் கேட்ட கேள்வி எங்களுடையதும்தான்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வம்சாவளியாக வரும் இத்தாலியக் குடியுரிமைக்குக் கட்டுப்பாடு வந்தது பற்றி உங்கள் சென்ற இதழில் வந்த குறிப்பைப் படித்தேன். ஆர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் இருந்துகொண்டு பூட்டன் பெயரைச் சொல்லிக் கடவுச்சீட்டு எடுத்தவர்களின் வழி அடைபட்டது, இனி இங்கே உழைக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு வழி பிறக்கும் என்று அது முடிந்திருந்தது. பலெர்மோவில் இலங்கைத் தமிழர் நாங்கள் கூடும் இடங்களிலும் இதே பேச்சுத்தான். வழி அடைபட்டது உண்மை. எங்கள் பிள்ளைகளுக்கு வழி பிறக்கும் என்பதற்குச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

1861-இல் இத்தாலி ஒரே நாடான பிறகு உயிரோடிருந்த ஓர் இத்தாலியரிலிருந்து தலைமுறை அறுபடாமல் வந்ததைக் காட்டினால், எத்தனையாவது தலைமுறையானாலும் குடியுரிமை உண்டு என்பதே நெடுங்கால வழக்கம். 2025 மார்ச் 28-இல் அரசு அவசர ஆணை ஒன்றால் அதை நிறுத்தியது. மே 23-இல் அது 74-ஆம் இலக்கச் சட்டமானது. வெளிநாட்டில் பிறந்து வேறு குடியுரிமையும் உள்ளவர் என்றால், பெற்றோரிலோ பாட்டன் பாட்டியிலோ ஒருவர் இத்தாலியக் குடியுரிமை மட்டுமே உடையவராக இருக்க வேண்டும். இல்லையென்றால் தாயோ தகப்பனோ குடியுரிமை பெற்ற பிறகு, பிள்ளை பிறக்குமுன், இத்தாலியில் தொடர்ந்து இரண்டு ஆண்டு வசித்திருக்க வேண்டும். மார்ச் 27 நள்ளிரவுக்கு முன் விண்ணப்பம் கொடுத்தவர்களும் விண்ணப்பிக்க நாள் குறித்துக் கொடுக்கப்பட்டவர்களும் தப்பினார்கள். மற்றவர்கள் குடியுரிமையை 'ஒருபோதும் பெறாதவர்களாக'க் கருதப்படுவார்கள். ஆணைக்கு முன் பிறந்தவர்களுக்கும் இதுதான் விதி.

அரசு சொல்லும் காரணங்களை நான் தள்ளிவிடவில்லை. வெளிநாட்டில் வாழும் இத்தாலியக் குடிமக்கள் பத்தே ஆண்டில் 46 லட்சத்திலிருந்து 64 லட்சமானார்கள். நீதிமன்றங்களில் 60,000-க்கும் மேற்பட்ட வழக்குகள் தேங்கிக் கிடந்தன. வடக்கே வால் தி சோல்தோ என்ற மலையூரின் மேயர், பிரேசிலிலிருந்து வரும் விண்ணப்பங்களைச் சமாளிக்க முடியாமல் தன் அலுவலகத்தில் பிரேசில் கொடியையே ஏற்றிக் காட்டினார். இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கு ஓர் எல்லை வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. பிறந்துவிட்டவர்களிடம் போய் உனக்கு அது இருந்ததே இல்லை என்று சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

நான் பதினொரு வருடமாக 91 வயது இத்தாலிய அம்மா ஒருவரை அவர் வீட்டில் பராமரிக்கிறேன். அவருடைய பெரியப்பா 1907-இல் அக்ரிஜெந்தோப் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து ஆர்ஜென்டினாவுக்குக் கப்பலேறியவர். இரண்டு வருடத்துக்கு முன் அந்தப் பெரியப்பாவின் பூட்டப்பிள்ளை ஒருத்தி, அவருடைய பிறப்புப் பதிவின் பிரதி வேண்டுமென்று எழுதியிருந்தாள். அம்மாவால் நடக்க முடியாது. வியாழக்கிழமை பின்னேரம் எனக்கு ஓய்வு, அந்த ஊர்க் கொமூனேயும் (நகரசபை அலுவலகம்) அன்றைக்குத்தான் பின்னேரம் திறக்கும் என்பதால் நானே பஸ் ஏறிப் போனேன். எழுதுவினைஞர் இரண்டு கையாலும் தூக்கிவந்து விரித்த பதிவேட்டில் மை பழுப்பேறிக் கிடந்தது. 1889. தகப்பன் கூலி விவசாயி. அவருக்கு எழுதத் தெரியாததால் கையொப்பம் இடவில்லை என்று கீழே ஒரு குறிப்பு. பிரதி எடுத்து முத்திரை குத்துவித்து நான்தான் தபாலில் போட்டேன்.

அந்தப் பெண் பிறகு எல்லாக் கடதாசியையும் சேர்த்து, மொழிபெயர்த்து வைத்துக்கொண்டு, தூதரகத்தில் ஒரு நாள் கிடைக்க மாதக்கணக்கில் இரவு இரவாகக் கணினி முன் இருந்திருக்கிறாள். நாள் கிடைக்கவேயில்லை. மார்ச் 27 கடந்து போயிற்று. வரிசையில் நின்று இடம் கிடைத்தவர் இத்தாலியர், அதே வரிசையில் நின்று இடம் கிடைக்காதவர் பிறப்பிலிருந்தே அந்நியர். இது என்ன நீதி?

இதில் எங்களுக்கு என்ன என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். எங்களில் எத்தனை குடும்பங்கள் இத்தாலியக் குடியுரிமை கிடைத்த கையோடு லண்டனுக்குப் போயிருக்கின்றன! அப்படிச் சில மாதத்திலேயே புறப்பட்டுப்போய், பிறகு பிரித்தானியக் குடியுரிமையும் எடுத்த தாய் தகப்பனுக்கு, அதன்பின் அங்கே பிறக்கும் பிள்ளை இத்தாலியப் பிள்ளை இல்லை. இத்தாலிக் கடவுச்சீட்டுத்தானே, பிள்ளைக்குத் தன்பாட்டில் வந்துவிடும் என்று நம்பியிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. முன்பெல்லாம் தகப்பன் குடியுரிமை பெறும் நாளில் அவரோடு வசிக்கும் வயது குறைந்த பிள்ளைக்கும் அது சேர்ந்து வரும். இப்போது அந்த நாளில் பிள்ளை இத்தாலியில் சட்டப்படி தொடர்ந்து இரண்டு ஆண்டு வசித்திருக்க வேண்டும். அம்மம்மாவோடு ஊரில் வளர்ந்து, கடைசியில் குடும்ப இணைப்பில் வந்துசேரும் பிள்ளைகள் எங்களில்தான் அதிகம்.

இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கோ எதுவுமே மாறவில்லை. பிறந்த நாள் முதல் இடைவிடாமல் வசித்து, 18 வயதாகி ஒரு வருடத்துக்குள் கேட்டால்தான் உண்டு. வெளிநாட்டவர் குடியுரிமை கேட்க இங்கே வசித்திருக்க வேண்டிய காலத்தைப் பத்து ஆண்டிலிருந்து ஐந்தாகக் குறைக்கக் கேட்ட வாக்கெடுப்பு ஜூன் 8, 9 திகதிகளில் நடந்தது. பாதிப் பேராவது வாக்களிக்க வேண்டும், வந்தவர்கள் ஏறக்குறைய 30 வீதம். அங்கே பறித்ததில் ஒரு துண்டும் இங்கே எங்களுக்கு வந்து சேரவில்லை.

அரசியலமைப்பு நீதிமன்றம் ஜூலை 31-இல் கொடுத்த 142-ஆம் இலக்கத் தீர்ப்பைப் புதிய சட்டத்துக்குக் கிடைத்த வெற்றியாக உங்கள் குறிப்பு காட்டுகிறது. அது தவறு. பொலோஞ்ஞா, ரோம், மிலான், புளோரன்ஸ் நீதிமன்றங்கள் அனுப்பிய கேள்விகள் எல்லையில்லாத பழைய சட்டத்தைப் பற்றியவை. எத்தனை தலைமுறை என்று கோடு கிழிப்பது நாடாளுமன்றத்தின் வேலை என்று நீதிபதிகள் ஒதுங்கிக்கொண்டார்கள். புதிய சட்டம் அந்த வழக்குகளுக்குப் பொருந்தாது என்பதால் அதை அவர்கள் தொடவேயில்லை. முன் பிறந்தவர்களிடமிருந்தும் பறிக்கலாமா என்று ஜூன் மாதம் கேட்டு அனுப்பியது துரின் நீதிமன்றம். 2025 ஆகஸ்டில் நான் இதை எழுதும்போது அதற்குப் பதில் வந்திருக்கவில்லை.

1948-இல் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களிடம் தகப்பன் இந்தத் தீவில் பிறந்ததற்குக் கடதாசி கேட்டது. லட்சக்கணக்கானோர் நாடற்றவர்களானார்கள். ஆர்ஜென்டினாக்காரருக்கு வேறு நாடு இருக்கிறது, இரண்டும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பிறந்த மனிதரை ஒரு சட்டத்தால் பின்னோக்கிப் போய் அழிக்கலாம் என்பதைத் தமிழர் நாங்கள் கைதட்டி வரவேற்பதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். குடியுரிமை வழக்குகள் நடத்தும் சட்டத்தரணி ஒருவரைக் கொண்டு இந்த இரண்டு ஆண்டு விதிகளைப் பற்றி விளக்கமாக ஒரு கட்டுரை வெளியிடுங்கள். இங்கிருந்து பிரித்தானியாவுக்குப் புறப்பட ஆயத்தமாக இருக்கும் குடும்பங்கள் எனக்குத் தெரியவே நாலைந்து உண்டு. பயணச்சீட்டு எடுக்குமுன் அவர்கள் அதைப் படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்
பலெர்மோ, இத்தாலி
18.08.2025