பசங்க எடுத்த படம், பேசவும் விடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நான் கோத்தகிரி பக்கம் இலை பறிக்கிற வேலை பாக்குறேன். போன மாசம் எங்க லைன் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) பசங்க செல்போன்லயே எடுத்த 7 நிமிஷ குறும்படத்தை சமுதாயக்கூடத்துல வெள்ள வேட்டிய கட்டி போட்டாங்க. பிளஸ் ஒன் படிக்கிற பொண்ணு ஒருத்தி, கடைசி பஸ்ஸ விட்டுட்டு கரடி பயத்தோட தேயிலைத் தோட்டம் வழியா நடந்து வரா, வீட்டுல லேட்டுன்னு அப்பா சத்தம், போன்ல எவனோ அவ போட்டோவ வச்சு மிரட்டுறான், வெளிய சொன்னா படிப்பையே நிறுத்திடுவாங்கன்னு வாயே திறக்க மாட்டேங்குறா. அவ்ளோதான் கதை. முடிஞ்சதும் ஒருத்தரும் எந்திரிக்கல. என் பொண்ணு என் கைய புடிச்சுகிட்டு "எனக்கும் இப்படி மெசேஜ் வந்துச்சும்மா"ன்னா, எத்தனையோ தடவ கேட்டும் வராத பேச்சு அது.

அரசு பள்ளிகள்ல 2022-ல சிறார் திரைப்பட விழா ஆரம்பிச்சாங்க, ரொம்ப நல்ல விஷயம். அதுல எங்க மலை பசங்க எடுக்கிற படத்தையும் போடுங்க. முடிஞ்ச உடனே பரிசு, பொன்னாடைன்னு போயிடாம அரை மணி நேரம் பிள்ளைங்கள பேச விடணும், பெரியவங்க அறிவுரை சொல்லாம உக்காந்து கேக்கணும். எங்க வீட்டுக்காரரு அன்னைக்கு அப்படித்தான் கேட்டாரு.

கடைசியில குழந்தைகள் உதவிக்கு 1098, மனசு விட்டு பேச 14416, ரெண்டு நம்பரையும் காட்டணும், காசு கிடையாது, எங்க லைன்ல பாதி பேருக்கு இது தெரியல. இன்னொன்னு, அந்த படத்தை வாட்ஸ்அப்ல பரப்பாதீங்க, நடிச்ச பிள்ளையத்தான் கேலி பண்ணுவாங்க.

இப்படிக்கு,
ஒரு அம்மா, கோத்தகிரி