அளவைக் கூட்டச் சொல்லும் முன் கிருமியைச் சோதியுங்கள்

மதிப்பிற்குரிய தாவர நோயியல் அறிஞர்களுக்கும் தோட்டக்கலை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

அழகர்மலை அடிவாரத்து எலுமிச்சைத் தோட்டங்களில் சொறிநோய் கட்டுக்கடங்காமல் போயிருப்பது தாங்கள் அறிந்ததே. அண்மையில் எங்கள் ஊரில் நடந்த விவசாயிகள் கூட்டத்தில், காப்பர் ஆக்சிகுளோரைடு என்னும் செம்பு மருந்தை அடித்தும் சொறி நிற்கவில்லையே என்று கேட்டோம். அளவைக் கூட்டி, இடைவெளியைக் குறைத்து அடியுங்கள் என்று பதில் வந்தது. அந்தப் பதில்தான் இம்மடலை எழுத வைத்தது.

கமிஷன் கடையில் மூட்டையைக் கொட்டியதும் முதலில் ஒதுக்கப்படுவது சொறிக்காய்தான். தோலில் தடித்து, நடுவில் குழிந்து, விரல் பட்டால் சொரசொரக்கும் பழுப்புப் புள்ளி இரண்டு இருந்தாலே போதும். சாறு குறையாத காயும் ஊறுகாய்க்கென்று தள்ளப்பட்டு, பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாத விலைக்குப் போகிறது. மருந்துக்கும் மருந்தடிப்பவர் கூலிக்கும் வாங்கிய கடன் அப்படியே நிற்கும்போது, இன்னும் கூடுதலாக அடியுங்கள் என்பதை எந்தச் சோதனையின் பேரில் சொல்கிறீர்கள் என்று கேட்க எங்களுக்கு உரிமை உண்டு.

சொறிநோயை உண்டாக்கும் பாக்டீரியா சாந்தோமோனாஸ் சிட்ரி. செம்பு மருந்தைத் தாங்கி வளரும் அதன் வகை, அர்ஜென்டினாவின் கொரியெண்டெஸ் மாகாணத்தில் 1994-லேயே கண்டறியப்பட்டது. பின்னர் ரீயூனியன் தீவிலும் தென்பட்டது. செம்பைத் தாங்க உதவும் கோப்-எல், கோப்-ஏ, கோப்-பி என்னும் மரபணுக்கள் அக்கிருமியின் குரோமோசோமில் அல்லாமல், பிளாஸ்மிட் என்னும் தனி டி.என்.ஏ. வளையத்தில் அமர்ந்திருக்கின்றன. அந்த வளையம் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறக்கூடியது. எலுமிச்சை இலைமேல் நோய் உண்டாக்காமல் வாழும் பாக்டீரியாக்களிலும் இத்தகைய மரபணுக்கள் உள்ளன என்பதையும், அவற்றைப் பெற்ற சொறிக் கிருமி செம்பைத் தாங்குகிறது என்பதையும் 2012-இல் ஆய்வாளர்கள் காட்டினர். இவை இருக்கும் தோட்டத்தில் செம்பைக் கூட்டிக் கூட்டி அடித்தால், தாங்காத கிருமி மடிந்து, தாங்கும் கிருமியே தோட்டத்தைப் பிடிக்கும். மண்ணில் சேர்ந்த செம்போ மக்கிப் போவதில்லை.

எங்கள் தோட்டங்களில் அந்த மரபணு இருக்கிறது என்று நான் முடிவு கட்டவில்லை. இருக்கிறதா என்று பாருங்கள் என்பதே கோரிக்கை. சொறி இலையிலிருந்து கிருமியைப் பிரித்து, மயில்துத்தம் என்னும் செம்பு உப்பு கலந்த வளர்ப்பு ஊடகத்தில் வளர்கிறதா என்று பார்ப்பதும், டி.என்.ஏ.வைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். முறையில் மரபணுவைத் தேடுவதும் ஆய்வகம் உள்ளவர்களுக்கு அரிய வேலையல்ல. செம்பைத் தாங்காத கிருமியின் குரோமோசோமிலும் இவற்றை ஒத்த மரபணுக்கள் இருப்பதால், இரண்டையும் பிரித்தறியும் சோதனையாக அது அமைய வேண்டும்.

நோயுள்ள நாற்றுகள் தடையின்றி விற்பனையாவதும், இலைத்துளைப்பான் புழு போட்ட காயத்தின் வழியே கிருமி எளிதாக நுழைவதும், காற்றுத் தடுப்பு மரம் வளர்க்க எவரும் உதவாததும் தனிக் குறைகள். எதைக் கேட்டாலும் மருந்தின் பெயரே பதிலாக வரும் வழக்கம் எங்களைச் சலிப்படையச் செய்துவிட்டது. சொல் கடுமையாக இருந்தால் பொறுத்தருளுங்கள். கோரிக்கையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிப் புதுத் தளிர் வரும் முன்பே அழகர்மலை, மேலூர், நத்தம் பகுதித் தோட்டங்களிலிருந்து மாதிரி எடுத்து, முடிவைத் தமிழில் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள். அதுவரை அளவைக் கூட்டும் பரிந்துரையை நிறுத்தி வைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். மாதிரி எடுக்க வருபவர்களுக்கு எங்கள் தோட்டம் எந்நாளும் திறந்திருக்கும்.

இப்படிக்கு,
அழகர்மலை அடிவாரத்து எலுமிச்சை விவசாயி